இறங்காத கை

கொள்ளைநோய்க்கு முதல் ஊசி போட்டுக்கொண்டு இரண்டாம் ஊசி கிடைக்காமல் காத்திருந்தவர்களின் இடது கைகள், அந்த ஆண்டு வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தோளிலிருந்து நேராக மேலே எழுந்து அப்படியே நின்றுவிட்டன. வலி இல்லை, வீக்கம் இல்லை. யார் பிடித்து இழுத்தாலும் கீழே வரவில்லை. பெரிய காஞ்சிபுரத்தில் அன்று தக்காளி மலிவு. பை பிடிக்க ஒரு கை, பொறுக்க ஒரு கை வேண்டியிருந்ததால் வாங்கியவர்கள் குறைவு. தையற்காரர்கள் ரவிக்கையிலும் சட்டையிலும் இடது பக்கத் தையலைப் பிரித்துக் கொடுத்தார்கள். ஆட்டோ ஓட்டும் ஹயாத் பாஷா தன் வண்டிக் கூரையில் கை போகிற அளவுக்கு ஓட்டை வெட்டிக்கொண்டார். மழை வந்தால் அந்தக் கையில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொள்வார். ஊர் சீக்கிரம் பழகிவிட்டது. பழக முடியாமல் போனவர்கள் தறிக்காரர்கள்தான். அவர்களில் ஒருத்தி மங்கையர்க்கரசி.

அவள் பட்டுத் தறியில் கோர்வை போடுகிறவள். சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். நெய்கிறவர் உடலுக்கான நூல் சுற்றிய நாடாவை வீசுவார். பக்கத்தில் இருப்பவர் கரைக்கான நாடாவைக் கொடுத்து வாங்கி, உடல் இழையும் கரை இழையும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும்படி ஒவ்வொரு வரிசையிலும் கோத்துவிடுவார். அதுதான் கோர்வை. சேலை நைந்து கந்தலானாலும் கரை பிரியாது என்று தறிக்காரர்கள் பெருமை பேசுவது இதை வைத்துத்தான். அவள் கணவன் சபாபதி நெய்வான், அவள் கோர்வை போடுவாள். கல்யாணமான நாளிலிருந்து குடும்பத்தில் பேச வேண்டியதையெல்லாம் அவர்கள் தறியில்தான் பேசினார்கள், சண்டையும் அங்கேதான். "இன்னா, ஸ்கூல் பசங்க மாதிரி கையத் தூக்கிக்கினு நிக்கிற?" என்று அன்று காலை சபாபதி கேட்டான். "ஊசிக்கு நிக்குது போல," என்றாள். விளையாட்டாகச் சொன்னதுதான். அதுவே உண்மை என்று பிறகு எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

சபாபதி முதல் ஊசியும் போட்டுக்கொள்ளாதவன். அதற்குக் காரணம் அவனுடைய தறிக்காரப் புத்தி. முகாம் நடந்த நாளில் அவன் தறியில் புதுப் பாவு நூல்களை, சேலையின் நீளவாட்டு இழைகளை, பழைய பாவின் நுனிகளோடு இழை இழையாகப் பிணைத்துக்கொண்டிருந்தான். பிணைக்க உட்கார்ந்தவன் முடிக்காமல் எழுந்திருக்கக் கூடாது என்பது அந்தத் தெருவின் வழக்கம். "எம்பேரயும் குடுத்தாச்சு இல்ல, நீ போட்டுக்கினு வா. நான் நாளைக்குப் போறேன். ஊசி எங்க போயிடும்?" என்றான். ஊசி போய்விட்டது. மறுநாள் முகாம் வாசலில் இருப்பு இல்லை என்ற பலகை தொங்கியது, அதன் பிறகு அதை யாரும் கழற்றவில்லை. அவனுக்குச் சர்க்கரை இருந்தது, பனிக்காலத்தில் இளைப்பும் வரும். "இவருக்கு வந்துச்சுன்னா தாங்க மாட்டாருக்கா," என்று முகாம் நர்ஸ் கமலவேணி மங்கையர்க்கரசியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து மங்கையர்க்கரசி காமாட்சி அம்மனிடம் வேறெதுவும் கேட்கவில்லை. தன் கை இறங்கினாலும் சரி, இறங்காவிட்டாலும் சரி, அவனுக்கு ஒரு ஊசி விழுந்துவிட வேண்டும்.

ஊசி ஏன் வரவில்லை என்பதற்கு இரண்டு பதில்கள் இருந்தன. ஊரே பெரிய காஞ்சிபுரம், சின்ன காஞ்சிபுரம் என்று கிடப்பதால் ஜனங்கள் அரசுகளையும் பெரிய அரசு, சின்ன அரசு என்றே சொன்னார்கள். கொடுத்ததையெல்லாம் சின்ன அரசு வீணாக்கிவிட்டது என்றது பெரிய அரசு. கொடுக்கவே இல்லை என்றது சின்ன அரசு. காலையில் ஒருவர் டிவியில் வந்து கண் கலங்குவார், மாலையில் மற்றவர் வந்து கலங்குவார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான், இங்கே ஓநாய்கள் இரண்டு என்பதுதான் வித்தியாசம். இந்த ஊர் சண்டை பார்க்காத ஊரல்ல. கோயில் யானைக்கு எந்த நாமம் போடுவது என்று தலைமுறை தலைமுறையாகக் கோர்ட்டுக்கு நடந்தவர்கள் இங்கே உண்டு. ஆனால் அந்தச் சண்டையில்கூட யானைக்குச் சோறு நின்றதில்லை. தூக்கிய கைகளையும் இரண்டு அரசுகளும் விடவில்லை. காஞ்சிபுரம் மக்கள் நன்றியோடு கையசைக்கிறார்கள் என்று பெரிய அரசின் சேனல் காட்டியது. பெரிய அரசை எதிர்த்து மக்கள் கை உயர்த்திவிட்டார்கள் என்று சின்ன அரசின் சேனல் அதே கைகளைக் காட்டியது. வீட்டுக்கு வீடு பிணம் விழுந்துகொண்டிருந்த மாதத்தில் இதைச் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தவர்களுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனியில் ஊசிப் பெட்டி ஒன்று வந்தது. கல்யாண மண்டபத்தில் மணமேடை மேல் வைத்தார்கள். கொடுத்தது தாங்கள் என்பதால் பெரிய அரசு ஒரு பூட்டுப் போட்டது, போடப்போவது தாங்கள் என்பதால் சின்ன அரசு ஒரு பூட்டுப் போட்டது. உள்ளே ஐஸ் இருந்தது. அது எத்தனை நாள் தாங்கும் என்று கமலவேணி கேட்டதற்கு, விழா முடியட்டும் என்று பதில் வந்தது. பெட்டியின் மேல் பட்டுத்துணி போர்த்தி, அதை இரண்டு அரசின் பெரியவர்களும் சேர்ந்து விலக்கிய பிறகுதான் திறக்க வேண்டும் என்று முடிவாகியிருந்தது. துணியின் நிறத்துக்காக மேலும் கொஞ்ச நாள் போனது. கடைசியில் உடல் சந்தன நிறம், பெரிய அரசின் பக்கத்துக் கரை அரக்கு, சின்ன அரசின் பக்கத்துக் கரை மயில்கழுத்து என்று ஒப்பந்தம் செய்தார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரிகள் பட்டு வேறு கேட்டார்கள்.

அந்தத் துணி சபாபதியின் தறிக்கு வந்தது, ஏனென்றால் அந்தப் பகுதியில் புதுப் பாவு பிணைத்துத் தயாராக இருந்தது அவன் தறி ஒன்றுதான். விழாக் கமிட்டிக்காரர் தினகரன் வந்து விஷயத்தைச் சொன்னபோது மங்கையர்க்கரசி தன் கையைக் காட்டினாள். அது மறைக்கக்கூடிய கையும் அல்ல. கை இறங்க ஊசி வர வேண்டும், ஊசி வெளியே வரத் துணி வேண்டும், துணிக்கு இந்தக் கை வேண்டும் என்று நிதானமாக எடுத்துச் சொன்னாள். "துணி இல்லாம தொறந்தா ஊசி ஏறாதாபா?" என்று கேட்டாள். "ஏறும்மா. ஆனா போட்டோல இன்னா இருக்கும்?" என்றார் தினகரன். கெட்டவர் என்று சொல்ல முடியாது. அவருக்கு அது நிஜமாகவே சந்தேகம்.

வேறு ஆள் வைக்கவும் வழியில்லை. தினகரன் போன மறுநாளே தெருவின் இரண்டு முனையிலும் நோய்க்காகத் தகரம் அடித்து மூடிவிட்டார்கள். உள்ளே இருந்தவர்களில் பாதிப் பேருக்குக் கை மேலே, மீதிப் பேருக்குக் காய்ச்சல். அதனால் சபாபதி தன் வாழ்க்கையில் செய்யாததைச் செய்தான். கோர்வை இல்லாமல் நெய்தான். உடலுக்கு நாடா வீசிவிட்டு, தறிக்குழியிலிருந்து எழுந்து சுற்றிவந்து ஒரு கரைக்கு வீசி, மறுபடி சுற்றிப்போய் மறு கரைக்கு வீசி, மூச்சு வாங்க உட்காருவான். மூன்று துண்டுகள் ஒன்றையொன்று தொடாமல் அருகருகே வளர்ந்தன. மங்கையர்க்கரசி பின்பக்கத்தில் மெல்லிய நூலால், வலது கையால் மட்டும், ஊசியைப் பல்லில் கடித்து இழுத்து அவற்றை ஒட்டுத்தையல் போட்டு இணைத்தாள். "எங்கப்பா பாத்திருந்தா தறியிலயே வச்சி உதைச்சிருப்பாரு," என்றான் சபாபதி. "இது கட்டிக்கிற துணி இல்லீங்க. பெட்டி மேல போட்டு எடுக்கறதுதான். நாளான்னைக்கு உங்களுக்கு ஊசி போட்டுடுவாங்க," என்றாள். துணி தறியை விட்டு இறங்கிய அன்று அவனுக்கு உடம்பு கொதித்தது. ஹயாத் பாஷா ஒரு பக்கத்துத் தகரத்தைப் பிரித்து ஆட்டோவை உள்ளே கொண்டுவந்து, ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். "நீ பெட்டியண்ட போ தங்கச்சி. தொறந்தவுடனே மொத ஊசி இவருக்குன்னு சொல்லு. நான் இங்க இருக்கறேன்," என்றார். காய்ச்சல் வந்தவனுக்கு இனி ஊசி உதவாது என்பதை அவர்கள் இருவரிடமும் யாரும் சொல்லவில்லை.

ஊரடங்கு விழாவுக்குப் பொருந்தாது. மண்டபம் நிறைந்திருந்தது. பின்னால் வருகிறவர்தான் பெரியவர் என்பதால், துணி விலக்க வந்தவர்களில் ஒருவர் ஊரின் ஒரு பக்கம் ஏனாத்தூரிலும் இன்னொருவர் வேறு பக்கம் செவிலிமேட்டிலும் காருக்குள் ஏசி போட்டுக்கொண்டு, மற்றவர் வந்துவிட்டாரா என்று விசாரித்தபடி வெயில் சாயும்வரை உட்கார்ந்திருந்தார்கள். பிறகு ஒரே நேரத்தில் வந்து, ஒரே நேரத்தில் பேசி, ஆளுக்கொரு கரையைப் பிடித்து இழுத்தார்கள். ஒட்டுத்தையல் பிரிகிற சத்தம் மங்கையர்க்கரசிக்கு மட்டும் கேட்டது. அரக்குக் கரை ஒருவர் கையோடும் மயில்கழுத்துக் கரை இன்னொருவர் கையோடும் போக, சந்தன நிற உடல் பெட்டி மேலேயே கிடந்தது. இரண்டு பேரும் ஒரு கணம் விழித்தார்கள். பிறகு ஆளுக்கொரு கரையை ஆட்டிக் காட்டி, துணியைக் கிழித்தது அவர்தான் என்று மைக்கில் சொன்னார்கள். மங்கையர்க்கரசி கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போய், "ஐயா, சாவி," என்றாள். அவள் கை உயர்ந்திருந்ததைப் பார்த்து இருவருமே தனக்கு என்று நினைத்துக் கும்பிட்டார்கள். சாவிகள் அவர்கள் சட்டைப் பைகளிலேயே, வேறு வேறு திசையில், ஊரைவிட்டுப் போயின.

பூட்டுகளைத் தேங்காய் உடைக்கும் கல்லால் கமலவேணிதான் உடைத்தாள். ஐஸ் உருகி என்றைக்கோ வெந்நீராகியிருந்தது. உள்ளே இருந்து வந்த வாடை செத்த எலியுடையதா, அழுகிய மாலையுடையதா என்று சொல்ல முடியவில்லை; ஊசி மருந்துக்கு வாடையே கிடையாது என்று பிறகு டாக்டர்கள் விளக்கினார்கள். அப்படியானால் அது பெட்டியைப் பூட்டியவர்களுடைய வாடை. மண்டபத்தை வாரக்கணக்கில் கழுவியும் போகாமல், மூன்று முகூர்த்தம் தள்ளிப்போனது. வீணாய்ப்போனதை யார் கணக்கில் எழுதுவது என்ற கேள்வி வந்தபோதுதான் இரண்டு அரசுகளும் முதன்முறையாக ஒத்துப்போயின. எதுவும் வீணாகவில்லை, பேர் கொடுத்திருந்த அத்தனை பேருக்கும் போட்டாயிற்று என்று ஒரே அறிக்கையில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

சபாபதி அதற்குள் போய்விட்டிருந்தான். செவிலிமேட்டில் பாலாற்றங்கரைச் சுடுகாட்டில் பிளாஸ்டிக்கில் சுற்றி வண்டியிலிருந்து இறக்கினார்கள், முகத்தைக் காட்டவில்லை. சொந்தக்காரர் யாரும் தகரத்தைத் தாண்டி வரமுடியாததால் கோடித் துணி போட ஆளில்லை. பெட்டி மேல் கிடந்த சந்தன நிறப் பட்டைக் கமலவேணி மடித்து எடுத்துவந்து ஹயாத் பாஷாவிடம் கொடுக்க, அவர் தள்ளி நின்றபடியே அதை வீசி அவன் மேல் விரித்தார். அவன் நெய்தது அவனுக்கே சரியாக இருந்தது. தீ வைக்கும்போது மங்கையர்க்கரசியின் இடுப்பில் செருகியிருந்த அவனுடைய போன் முணுமுணுத்தது. ஹயாத் பாஷா வாங்கிப் படித்தார். திரு. சபாபதிக்கு முதல் தவணைத் தடுப்பூசி வெற்றிகரமாகச் செலுத்தப்பட்டது, வாழ்த்துகள். கீழே இரண்டு அரசுகளின் முத்திரையும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு இருந்தன. "இன்னா பாய், இன்னா போட்டிருக்குது?" என்று அவள் கேட்டாள். அவர் படித்துக் காட்டினார். அவள் திரும்பி, யார் மேலும் படாமல், மணலில் காறித் துப்பினாள்.

கார்த்திகைக்குள் ஊசி வெள்ளமாக வந்தது. வேண்டாம் என்று ஓடியவர்களையும் பிடித்துப் போட்டார்கள். ஒரே வாரத்தில் ஊரில் அத்தனை கைகளும் இறங்கின. ஹயாத் பாஷா கூரை ஓட்டையை மட்டும் காற்றுக்கு நல்லது என்று அடைக்காமல் விட்டார். மங்கையர்க்கரசிக்கும் கமலவேணிதான் இரண்டாம் ஊசி போட்டாள். போட்டுவிட்டு இருவரும் கை இறங்கும் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இறங்கவில்லை. "ரெண்டும் ஆச்சேக்கா, அப்புறம் ஏன் நிக்குது?" என்றாள் கமலவேணி. "என்னுது ஆச்சும்மா. இது அவருக்கு வரவேண்டியதுக்கு நிக்குது," என்றாள் அவள்.

அதன் பிறகு இரண்டு தேர்தல்கள் வந்தன. கொள்ளைநோயை வென்ற கதையைப் பெரிய அரசும் சின்ன அரசும் தனித்தனியாகச் சுவரில் எழுதின, சுவரும் சுண்ணாம்பும்கூட ஊரார் வீட்டுடையவைதான். தெருவுக்குள் ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் எல்லாரும் அவளைத் தங்களைப் பார்த்துக் கையசைக்கும் தாயாகப் படமெடுத்துப் போனார்கள். அவள் முதுகைக் காட்டி நின்றாலும் படத்தில் கை கையாகத்தான் விழுந்தது. இப்போது தறியில் பக்கத்து வீட்டுத் தையல்நாயகி கோர்வை போடுகிறாள், மங்கையர்க்கரசி குழியில் உட்கார்ந்து நெய்கிறாள். மேலே பூவேலைக்கு இழைகளைத் தூக்கும் கயிற்றை அந்தக் கையிலேயே கட்டிவிட்டார்கள். விரலை மடக்கி இழுக்கத் தோதாக இருக்கிறது. வருஷா வருஷம் ஆனியில் அவன் திதிக்குப் பாலாற்றங்கரைக்குப் போவாள். செவிலிமேட்டு டவுன் பஸ் அவளைக் கண்டால், அது ஸ்டாப்பாக இல்லாவிட்டாலும், கை காட்டுகிறாள் என்று நின்றுவிடும். புது டிரைவர்கள் முதலில் கோபப்படுவார்கள், கண்டக்டர் விவரம் சொன்னதும் அவளை ஏற்றிக்கொண்டு வண்டியை எடுப்பார்கள். எவ்வளவு கூட்டமானாலும் மேலே கம்பியில் அவள் கைக்கு மட்டும் கொஞ்சம் இடம் விட்டிருக்கும்.