இசக்கிசெல்விக்கு யார் தண்ணீர் ஊற்றுவது?

1

இது கதையாகப் பிறக்கவில்லை. எங்கள் சபையின் ஆண்டுவிழா மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரை கேட்டார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: 'சுவிசேஷ ஊழியத்தில் குருமாரின் பங்கும் விசுவாசிகளின் பங்கும்'. இரண்டு பக்கம், வசன ஆதாரங்களோடு. செம்பூரில் ரயிலேறி, நின்றபடியே போனில் தட்ட ஆரம்பித்தேன்.

'ஆதிச்சபைக் காலந்தொட்டே குருமாரும் விசுவாசிகளும் ஒரு வண்டியின் இரு

அதற்கு மேல் கை ஓடவில்லை. 'சக்கரங்கள்' என்று முடித்திருந்தால் அந்த மலரை நானே வாங்கமாட்டேன். கட்டுரை வரவேண்டிய இடத்தில் தாராவிச் சட்டைப் பட்டறை ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. அதில் இரண்டு பெண்கள், ஆளுக்கொரு கத்தரி. சரி, இவர்களே எழுதட்டும் என்று விட்டுவிட்டேன்.

2

ஞானப்பூவுக்குத் தைத்து வரும் சட்டைகளில் தொங்கும் நூலைக் கத்தரிக்கும் வேலை. பக்கத்தில் அதே வேலை செய்கிறவள் இசக்கிசெல்வி. ஞானப்பூ பிறந்ததிலிருந்து எங்கள் சபைக் கோயிலுக்குப் போகிறவள், ஆனால் ஜெபக்கூட்டத்தில் நாலு வார்த்தை பேசச் சொன்னால் பின்வரிசைக்கு நழுவிவிடுவாள். வம்பு பேசச் சொல்லுங்கள், ஆளை அசைக்க முடியாது. வேதத்தில் வருகிறவர்களும் அவளுக்குப் பக்கத்துச் சாலில், அதாவது அடுத்த வரிசை வீட்டில், இருக்கிறவர்கள்தான். "அந்தப் பேதுரு இருக்காம்லா, அவனுக்கு வாய் மட்டுந்தாம்ட்டி" என்று ஆரம்பிப்பாள். "பெறவு?" என்று இசக்கிசெல்வி நூலை வெட்டிக்கொண்டே கேட்பாள்.

இப்படித்தான் ஒருநாள் பேதுரு தன் குருவான ஆண்டவரையே யாரென்று தெரியாது என்று சாதித்ததும், சேவல் கூவியதும், வெளியே போய் அவன் அழுததும் வந்தது. இசக்கிசெல்வி கத்தரியைக் கீழே வைத்துவிட்டாள். ஊரில் இருக்கும் கூடப்பிறந்த அக்காளோடு சண்டை போட்டுக்கொண்டு, எனக்கு அக்காளே கிடையாது என்று எல்லோரிடமும் சொல்லிவந்தவள் அவள். அவனைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்களா என்று கேட்டாள். சேர்த்துக்கொண்டார், கடற்கரையில் மீன் சுட்டுக் கொடுத்து என்றாள் ஞானப்பூ. அன்று சாயங்காலம் இசக்கிசெல்வி அக்காளுக்குப் போன் போட்டாள். சில மாதம் கழித்து, தனக்கு ஞானஸ்நானம் வேண்டும் என்றாள்.

(அவள் புருஷன் நாகராஜ் என்ன சொன்னான் என்று கேட்பீர்கள். ஊர்க் கோயில் கொடைவிழாவுக்கு வருவாயா என்று கேட்டான். வருவேன், சொந்தக்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவேன், கும்பிடமாட்டேன் என்றாள். யோசித்துவிட்டு, உன் மனசு என்றான். அவனுக்குத் தனிக்கதை எழுதவேண்டும், இங்கே இடமில்லை.)

3

இனி ஐயர் வரவேண்டும்.

(மாட்டுங்காவின் பிராமண வாசகர்கள் பொறுத்துக்கொள்ளவும். தாராவியில் எங்கள் ஆட்களுக்கு ஐயர் என்றால் சபையை நடத்துகிற குரு, அங்கி போட்டவர்.)

முதல் வரைவு: 'ஐசக் ரத்தினராஜ் ஐயர் மேசையைத் தட்டி, கண்களை

அடித்துவிட்டேன். கெட்ட ஐயரை எழுத எனக்கு ரொம்பச் சுலபமாக வருகிறது, அதனாலேயே நம்பிக்கை இல்லை.

இரண்டாம் வரைவு: 'ஐயரின் சாந்தமான முகத்தில்

இதையும் அடித்துவிட்டேன். நம்முடைய ஐயர் ஊரிலிருந்து மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. ஹிந்தி வராது. தாராவிச் சந்துகளில் வழி தவறிவிடுவோமோ என்று உள்ளூரப் பயம். பிரசங்கம் நன்றாகச் செய்வார், முடித்ததும் யாரோடும் பேசத் தெரியாமல் வேஷ்டிக்குள் போய்விடுவார். (வேஷ்டி என்றால் கோயிலில் ஐயர் அங்கி மாட்டும் சின்ன அறை.)

இப்படிப்பட்டவர் முன்னால்தான் ஞானப்பூ இசக்கிசெல்வியைக் கொண்டுபோய் நிறுத்தினாள். (வேஷ்டி என்றால் கோயிலில் ஐயர் அங்கி மாட்டும் சின்ன அறை.) ஐயர் தேதி குறிக்கப் போனார். இசக்கிசெல்வி இடைமறித்தாள்.

"இந்த ஞானப்பூ அக்காதான் எனக்குச் சொல்லித்தந்தாவ. அக்காவே தண்ணி ஊத்தட்டும்."

ஞானப்பூவுக்கு ஒரு கணம் பெருமையாக இருந்தது, அடுத்த கணமே அவசரமாக ஐயர் முகத்தைப் பார்த்தாள். உயிருக்கு ஆபத்தென்றால் யாரும் ஊற்றலாம், மற்றபடி அபிஷேகம் பெற்ற குருதான் ஊற்றவேண்டும், அது சபை ஒழுங்கு என்று ஐயர் பொறுமையாக விளக்கினார். இசக்கிசெல்வி கேட்டுக்கொண்டாள்.

"ஐயாவைக் குத்தஞ் சொல்லல. யாருன்னே தெரியாத ஆளு கையில தலையக் குடுக்க எனக்கு வரமாட்டேங்கு. அப்பிடின்னா வேண்டாம்."

சொல்லிவிட்டுப் போயே போய்விட்டாள். ஞானப்பூவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. இத்தனை நாளும் இவளைக் கூட்டிக்கொண்டு வந்தது ஆண்டவரிடமா, இல்லை என்னிடமேதானா? இந்தக் கேள்வியை நான் அவளுக்குக் கொடுக்கவில்லை. அவளேதான் கேட்டுக்கொண்டாள்.

4

மறுநாள் அவள் ஐயரிடம் போனாள். பட்டறைக்கு வரவேண்டும், பிரசங்கம் வேண்டாம், சும்மா வந்து உட்கார்ந்தால் போதும் என்றாள். (இங்கே ஐயர் மறுத்துவிடுவதாக எழுதிப் பார்த்தேன். கதை அங்கேயே படுத்துவிட்டது.) வந்தார். பயந்தபடியே வழி தவறி, வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். சும்மா இருக்க வெட்கப்பட்டுக் கத்தரியை வாங்கியவர், நூலோடு ஒரு காலரையும் சேர்த்து வெட்டிவிட்டார். பட்டறைக்காரர் ஜெயினுலாப்தீன் பாய் சட்டையைத் தூக்கிப் பார்த்தார், ஐயரைப் பார்த்தார், இனிமேல் பட்டன் மாட்டினால் போதும் என்று கத்தரியை வாங்கி வைத்துக்கொண்டார். இசக்கிசெல்விக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஐயரும் சிரித்தார்.

அதன்பிறகு அவர் அடிக்கடி வந்து பட்டன் மாட்டினார். ஒருநாள் இசக்கிசெல்வியாகவே கேட்டாள். ஞானப்பூவிடம் முன்பே கேட்டு, அவள் எனக்குத் தெரியாது என்று விட்டுவிட்ட கேள்வி அது.

"சேத்துக்கிட்ட பெறவும் பேதுருக்கு வெக்கமா இருந்திருக்குமாய்யா?"

ஐயர் பட்டனை விட்டுவிட்டார். அவரிடம் இதற்கு வசனங்கள் இருந்திருக்கும். அவற்றை அவர் எடுக்கவில்லை.

"இருந்திருக்கும்மா. அந்த வெக்கத்தோடதான் கடைசி வரைக்கும் ஊழியம் செஞ்சிருப்பான்னு நெனைக்கேன். நானும் என் அப்பாகிட்ட பேசாமலே இருந்துட்டேன். அவரு போயிட்டாரு. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அந்த வெக்கத்து மேலதான் அங்கிய மாட்டுதேன்."

ஞானப்பூ இருவரையும் பார்த்தாள். இந்தப் பதில் தன்னிடம் என்றைக்குமே இருந்ததில்லை என்று அவளுக்குப் புரிந்தது. அதில் அவளுக்குப் பொறாமை வரவில்லை, நிம்மதிதான் வந்தது.

(இந்த இடத்தில் எனக்குள்ளிருந்த கட்டுரைக்காரன் எழுந்து 'ஆகவே' என்றான். பேசாமல் உட்கார் என்றேன்.)

5

ஞாயிற்றுக்கிழமை. கோயில் நிறைந்திருக்கிறது. வாசலில் நாகராஜ் நிற்கிறான். செம்பிலிருந்து ஞானஸ்நானத் தொட்டியில் தண்ணீர் ஊற்றும்படி ஐயர் ஞானப்பூவிடம் சொல்லியிருக்கிறார், ஒழுங்கில் அதற்கு இடமுண்டு. ஊற்றிவிட்டு அவள் இசக்கிசெல்வியின் பக்கத்தில் வந்து நிற்கிறாள். வருகிறேன் என்று ஐயரிடம் பட்டறையிலேயே சொன்னவள் வந்துவிட்டாள், தலை மட்டும் இன்னும் குனியவில்லை. ஐயர் கையில் தண்ணீரை அள்ளிக்கொண்டு நிற்கிறார்.

முடிவு ஒன்று: அவள் குனிகிறாள். மலர்க் குழு மகிழ்கிறது.

முடிவு இரண்டு: அவள் குனியவில்லை. திங்கட்கிழமை பட்டறையில் வந்து உட்கார்ந்து "பெறவு?" என்கிறாள்.

முடிவு மூன்று: ஞானப்பூ அவள் கையைப்

இல்லை. அந்தக் கையை நான் பிடிக்கவைக்கமாட்டேன், தள்ளிவிடவும் மாட்டேன். இதை இசக்கிசெல்விதான் தீர்மானிக்கவேண்டும், அவளால் முடியாத பட்சத்தில் நீங்கள். எந்த முடிவை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நான் கண்ணால் பார்த்த ஒன்றை மட்டும் தயவுசெய்து அடித்துவிடாதீர்கள்.

அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். ஐயரின் கையிலிருந்த தண்ணீர் விரல் இடுக்கு வழியாக முழுவதும் வடிந்துபோனது. அவர் அவளை அவசரப்படுத்தவில்லை. குனிந்து, மறுபடியும் அள்ளினார்.