அறுபது வயதுப் புதுக் கார்

அவள் காரில் ஏறி உட்கார்ந்தாள். இறங்கினாள். மறுபடியும் ஏறினாள். கதவுப் பக்கத்து விளிம்பில் தொடை உரசி உரசி, சீட்டின் தோல் மெல்ல மங்கிக்கொண்டு வந்தது. போன மாதம் அவளே வெட்டித் தைத்த தோல்.

பெரிய பணக்காரர்கள் வாங்கும் பந்தயக் கார் கம்பெனி அது. தையல் பிரிவில் அவளுக்குத் தற்காலிக வேலை. அவளையும் ஒரு பெயிண்டரையும் மட்டும் சூப்பர்வைசர் தனியாக இந்தக் கொட்டகைக்கு அழைத்து வந்திருந்தார். ஜன்னல்களில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது. போனை வாசலிலேயே வாங்கிவைத்துக்கொள்வார்கள். வருகை அட்டையில் முத்திரை கிடையாது, சம்பளம் உறையில் போட்டுக் கையில் வரும். "வேலை முடியட்டும், உன்னை நிரந்தரமாக்குறது என் பொறுப்பு" என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நாலு வருடமாகக் குனிந்த தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பெயிண்டர் புதுக் கதவில் உப்புத்தாளால் கீறல் போட்டுக்கொண்டிருந்தார்.

"புதுசா செஞ்சதை எதுக்குண்ணே இப்படிப் பாழாக்கச் சொல்றாங்க?"

"முதலாளியோட அப்பா செஞ்சு ஓட்டின, கம்பெனியோட முதல் கார் எப்பவோ பழைய இரும்புக்குப் போயிடுச்சாம். இப்ப கம்பெனிக்கு அறுபதாம் வருஷக் கொண்டாட்டம். முதல் காரே இல்லாம வரலாறு எப்படிக் காட்டுறது? அதான் நாம பெத்துக் குடுக்குறோம்."

"பொறக்கும்போதே அறுபது வயசா!" அவளுக்குச் சிரிப்பு வந்தது. பின்னாலேயே பயமும் வந்தது. "எலி எதுக்கு அம்மணமா ஓடுதுன்னு தெரியலையேண்ணே. நாளைக்கு இந்த சூப்பர்வைசர் கையை விரிச்சுட்டா?"

"சும்மா இரு. சுவருக்கும் காது இருக்கு."

மறுநாள் மனசு கேட்காமல் சூப்பர்வைசரிடமே கேட்டுவிட்டாள். "இங்க வேலை பாக்குற நாளுக்கும் அட்டையில முத்திரை போட்டுடுங்க சார்."

"என்னம்மா, என் மேல நம்பிக்கை இல்லையா?"

இல்லைதான். அதைச் சொல்லவா முடியும்? தலையை ஆட்டிவிட்டுப் போய் மறுபடியும் ஏறி உட்கார்ந்தாள்.

கொண்டாட்டம் முடிந்து கம்பெனி வாசலிலேயே கண்காட்சிக்கூடம் திறந்தார்கள். நடுவில் முதல் கார். நிரந்தரம் செய்யும் நாளும் வந்தது. அவளை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள்.

"நடுவுல மூணு மாசம் நீ வேலைக்கே வரலையேம்மா. தொடர்ச்சி அறுந்துபோச்சு. நிரந்தரம் பண்ண முடியாது, இந்த ஒப்பந்தமும் இன்னையோட சரி" என்றார் அதிகாரி.

"வந்தேன் சார். கொட்டகையில இருந்தேன். முதல் காருக்கு நான்தான் சீட்டு தச்சேன்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "அந்தக் கார் செஞ்சு அறுபது வருஷமாச்சு. அப்ப நீ பொறந்தே இருக்க மாட்டியே."

அவள் சூப்பர்வைசரைப் பார்த்தாள். பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். "நீங்க சொல்லுங்க சார்" என்றாள். அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

வாசலில் காவலாளி அடையாள அட்டையை வாங்கிக்கொண்டான்.

"ஒரே ஒரு தடவை அந்தக் காரைப் பாத்துட்டுப் போயிடுறேன் தம்பி."

"டிக்கெட் எடுத்துட்டு வாங்கக்கா. வரிசை அந்தப் பக்கம்."

சுற்றுச்சுவரை ஒட்டி வரிசை தெருமுனை வரை நீண்டிருந்தது. அவள் போய்க் கடைசியில் நின்றாள்.