கோப்னெட் அம்மாளின் உயரம்

நாலரை அடி இருந்த புனித கோப்னெட்டின் சொரூபம் நாற்பத்தோரு வருடத்தில் கட்டைவிரல் அளவுக்கு வந்துவிட்டது. முதலில் கில்வாரா ஊரில் யாரும் கவனிக்கவில்லை. பிறகு பீடத்தை யாரோ உயர்த்திவிட்டார்கள் என்றார்கள். அப்புறம் பழகிப்போயிற்று. காரணம் என்னவோ எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிப்ரவரி பதினொன்றாம் தேதி திருநாளன்று மழையில் வரிசையாக நின்று, ஆளுக்கொரு நாடாவைச் சொரூபத்தின் தலையிலிருந்து கால்வரை பிடித்து அளந்து வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். தொண்டை நோவென்றால் கழுத்தில் கட்டுவார்கள். பசு கன்று போடத் திணறினால் கொம்பில் கட்டுவார்கள். நோவு போய்விடும். அந்தக் குணம் அவள் உயரத்திலிருந்துதான் வருகிறது என்று தெரிந்தும், அடுத்த வருடம் இன்னும் நீளமான நாடாவோடு வந்த ஊர் இது.

கோயிலைக் கூட்டித் துடைக்கும் பிரைடி லூசி மட்டும் ஒரு நாடாகூட அளந்ததில்லை. ஆரம்பத்தில் சொரூபத்தை ஏணி வைத்துத் துடைத்தவள், இப்போது உள்ளங்கையில் எடுத்துத் துடைத்தாள். அதன் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருப்பதைப் பார்த்தவளும் அவள்தான். அந்தக் குளிர்காலத்தில் அவள் புருஷன் டோனலுக்கு மூச்சு அடைத்தது. வைத்தியர் கைவிரித்துவிட்டார். ஐந்து ஊர்க் கோயில் பங்குக்கும் ஒற்றை ஆளாகப் பூசை வைத்துத் தேய்ந்துபோன ஃபாதர் மல்கஹி, இனி அளந்தால் அம்மாள் அடியோடு போய்விடுவாள், ஒருவரும் நாடா கொண்டுவரக் கூடாது என்று அறிவித்ததும் அந்த வாரம்தான்.

திருநாளன்று பிரைடி நாடாவோடு வந்து நின்றாள். ஊர் வழியை மறித்தது. தபால் நிலையத்துப் பெக் க்ரோனின்தான் வாயைத் திறந்தாள்.

"உன் கஷ்டம் புரியுது பிரைடி. ஆனா இருக்கிறதையும் நீ எடுத்துட்டா எங்களுக்கு யாரு இருக்கா?"

"எடுக்க வரல பெக். அவ எவ்வளவு அசந்து போயிருக்கான்னு தொடைக்கிற எனக்குத் தெரியாதா? நானும் அசந்துதான் போயிருக்கேன். ஆனா என்கிட்ட இன்னும் அஞ்சே கால் அடி மிச்சம் இருக்கே. இந்தா, நுனியப் புடி."

செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். பெக் வேறு வழியில்லாமல் நாடாவின் நுனியை அவள் உச்சந்தலையில் பிடிக்க, பிரைடி குதிகால்வரை தன்னை அளந்து, அந்த நாடாவைச் சொரூபத்தின்மேல் சுற்றினாள். ஜெபமாலை முடிந்தபோது பிரைடியின் கோட்டு தரையில் புரண்டது. சொரூபம் முழ உயரம் வளர்ந்திருந்தது. அவள் நாடாவை அவிழ்த்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். பெக் கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு நின்றாள். பிறகு அவளும் செருப்பைக் கழற்றினாள்.

இப்போதெல்லாம் திருநாள் வரிசை வெறுங்காலோடுதான் நிற்கிறது. முதலில் கொடுப்பார்கள், பிறகு எடுப்பார்கள். கில்வாராக்காரர்கள் என்றால் பக்கத்து ஊர்த் தையல்காரர் கேட்காமலே கால்சட்டையை மடித்துத் தைக்கிறார்.

பிரைடி தன்னை அளந்த அன்று சாயங்காலம், டோனலின் கழுத்தில் நாடாவைக் கட்டிவிட்டு, தேநீர் போடப் போனாள். கோப்பைகள் மேல்தட்டில் இருந்தன, எட்டவில்லை. மூன்று மாதமாகப் படுக்கையில் கிடந்த டோனல் எழுந்து வந்து எடுத்துக் கொடுத்தான்.