நானூறு கிலோ

அந்த வீட்டில் சின்னவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. காரணம், அவள் பேசுவதெல்லாம் எண். எத்தனை பெட்டி, எத்தனை கிராம், எத்தனை நாள் என்று ஆரம்பித்தாளானால் எதிரில் இருப்பவர் சரி சரி என்று எழுந்து போய்விடுவார். அண்ணன் நடத்தும் உலர்பழத் தொழிற்சாலையிலிருந்து வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பியே தீர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் அவள்தான். அதற்காகவே இன்ஷூரன்ஸ் ஆபீஸில் பார்த்த நல்ல வேலையை விட்டுவிட்டு வந்தாள்.

கடல் தாண்டி ஒரு நாடு. அங்கே இப்போதுதான் பெரிய கடைகள் முளைக்கின்றன. பன்னிரண்டு கடைகளை ஒரே நாளில் திறக்கப் போகும் ஒருவரை ஆறு மாதம் போனிலேயே துரத்தித் துரத்தி, நாற்பதாயிரம் பாக்கெட் உலர் அன்னாசிக்கு ஆர்டர் பிடித்தாள். அவர் ஒரு விஷயத்தில் கறார். இந்தக் கப்பலில் சரக்கு ஏறாவிட்டால் அடுத்த கப்பல் பதினெட்டு நாள் கழித்துத்தான். காலி அலமாரியோடு கடை திறக்க முடியாது, வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டார். அண்ணன் அதைவிடக் கறார். இந்த ஒரு தடவைதான், சொதப்பினால் ஏற்றுமதிக்கு ஒரு கும்பிடு, நீ மறுபடி இன்ஷூரன்ஸுக்கே போ என்று பேசி முடித்திருந்தான்.

அன்னாசித் துண்டு மெஷினுக்கு அடங்காது. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அடம் பிடிக்கும். அதனால் பாக்கெட் கட்டுவது கையால்தான். பத்துப் பெண்கள், நீள மேசை, ஆளுக்கொரு எலக்ட்ரானிக் தராசு. தலைவி அத்தை, அதாவது அப்பாவின் தங்கை. தராசில் இருநூறு கிராம் காட்டியதும் பையை எடுத்து, இரண்டடி தள்ளியிருக்கும் சூட்டு மெஷினில் வாயை ஒட்ட வேண்டும். சின்னவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தராசுகளையே பார்த்து நின்றாள். கடைசி இரண்டு நாள் ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல் என்றதும் அந்த இடத்தில் தானே உட்கார்ந்து கட்டினாள்.

கன்டெய்னர் கிளம்பியது. ஏற்றுமதித் தாளில் மொத்த எடை என்ற கட்டத்தை அவள் கணக்குப் போட்டே நிரப்பியிருந்தாள். பாக்கெட் இத்தனை, பை இத்தனை கிராம், அட்டைப்பெட்டி இத்தனை, ஒட்டும் டேப் உட்பட. ஒரு பெட்டியைத் தூக்கி வைத்து நிறுத்துப் பார்த்துவிடலாமே என்று கப்பல் ஏஜென்ட் சொன்னதற்கு, கணக்கு பொய் சொல்லாது என்று சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை நினைத்து அவள் பிறகு பல தடவை தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஏஜென்ட் போன் செய்தார். துறைமுக எடைமேடையில் கன்டெய்னர் நானூறு கிலோ கூடுதலாகக் காட்டுகிறதாம். சுங்க அதிகாரி நிறுத்தி வைத்துவிட்டார். மாலை ஐந்துக்கு அந்தக் கப்பலுக்கான துறைமுக கேட் மூடிவிடும். சின்னவள் அப்போதே துறைமுகத்துக்குக் கிளம்பினாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது கன்டெய்னரின் வாய் திறந்திருந்தது. பெட்டிகளில் பாதி வெளியே கிடந்தன. அவளுடைய ஆறு மாதம் அப்படி வெயிலில் பரப்பி வைக்கப்பட்டிருப்பதைப் பார்க்க அவளுக்கு அழுகையாக வந்தது. இரண்டு ஆட்கள் உள்ளே புகுந்து தரையைத் தட்டிப் பார்த்தார்கள், சுவரைத் தட்டிப் பார்த்தார்கள். நானூறு கிலோவுக்கு என்ன ஒளித்து வைத்திருப்பாள் இந்தப் பெண் என்று அதிகாரிக்கு ஒரே யோசனை. மூன்று மணி நேரத் தேடலில் அகப்பட்டது ஒரே ஒரு பேனா மூடி.

“சரக்கு மொத்தமும் அன்னாசின்னா, மிச்சம் நானூறு கிலோ எங்கேருந்தும்மா வந்துச்சு?” என்று அதிகாரி களைப்போடு கேட்டார்.

அவளிடம் முதல் முறையாக எண் இல்லை. அவருடைய மேசைத் தராசில் ஒரு பாக்கெட்டை வைத்தாள். இருநூற்றுப் பத்து கிராம், பையின் எடை போகவே. இன்னொன்று, இருநூற்றுப் பதினொன்று. வேறு பெட்டியிலிருந்து மற்றொன்று, மறுபடியும் பத்து. ஒன்றைப் பிரித்து எண்ணினாள். இருபது துண்டு இருக்க வேண்டிய இடத்தில் இருபத்தொன்று. நாற்பதாயிரத்தைப் பத்தால் பெருக்க அவளுக்குக் கால்குலேட்டர் தேவைப்படவில்லை. முகத்தில் ஈயாடாமல் அத்தைக்குப் போன் போட்டாள்.

தராசில் இருநூறுதானே வைத்தீர்கள் என்று கேட்டாள். ஆமாம் என்றாள் அத்தை. அப்புறம் என்ன செய்தீர்கள்?

“அப்புறம் என்ன, மேல ஒன்னு போட்டு ஒட்டினோம். எப்பவும் செய்யறதுதானே.”

“எதுக்கு அத்தை?”

“எதுக்குன்னு கேக்கறே பாரு. இருநூறு தராசு குடுக்கறது. நாம ஒன்னும் குடுக்க வேண்டாமா?”

அவள் போனை வைத்துவிட்டாள். இருபது வருஷமாகக் கொசுறு போட்டுப் பழகிய கைகளிடம் எலக்ட்ரானிக் தராசைக் கொடுத்தால், அதையும் பார்த்துவிட்டுக் கொசுறு போடும் என்பது அவள் கணக்கில் இல்லை. கோபம் தலைக்கேறியது. கண் முன்னால் கப்பல் நிற்கிறது, பாக்கெட்டுக்கு ஒரு துண்டு அன்னாசியால் அது போய்விடப் போகிறது.

அதிகாரி நல்ல மனிதர்தான். பொருள் குறைந்தால்தான் குற்றம், கூடினால் தாளைத் திருத்தினால் போதும் என்றார். ஆனால் படிவத்தில் மூன்று கட்டம் உண்டு. காரணம், பொறுப்பானவர், எடுத்த நடவடிக்கை. மூன்றும் நிரம்பாமல் அவர் கையெழுத்துப் போட முடியாது. மணி மூன்றரை.

பொறுப்பானவர் என்ற இடத்தில் அத்தையின் பெயரை எழுதப் பேனாவைத் திறந்தாள். பேக்கிங் தலைவி, இனி அந்த மேசைக்கு வரமாட்டார் என்று மூன்றாவது கட்டத்துக்கும் வாக்கியம் தயாராக இருந்தது. அந்த நேரத்தில் அதிகாரி சும்மா இருக்கப் பிடிக்காமல் இன்னொரு பாக்கெட்டைத் தராசில் வைத்தார்.

“இது என்னம்மா, இன்னும் கூடுதலா இருக்கு? இருநூத்து இருபது. அடியில ஒன்பதுன்னு முத்திரை போட்டிருக்கே, அது யாரு?”

கட்டியவர் யாரென்று தெரிவதற்காக ஒவ்வொரு பாக்கெட்டின் அடியிலும் எண் குத்த வேண்டும் என்று சட்டம் போட்டவளே அவள்தான். ஒன்பதாம் எண் காய்ச்சல்காரப் பெண்ணுடையது. ஆனால் பக்கத்திலிருந்த தேதி கடைசி நாளுடையது. அன்று அந்த முத்திரையைப் பிடித்திருந்தது சின்னவளின் கை.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிரித்து எண்ணினாள். இருபத்திரண்டு. இரண்டு துண்டு கொசுறு! தராசை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவள், தராசை விட்டு வந்த பிறகு தன் கை என்ன செய்கிறதென்று பார்க்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்த மேசையில் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து பழகிய கை அது. மற்றவர்கள் போட்டதையும் கண்ணால் கண்டிருப்பாள். பக்கத்தில் இருப்பவர் மூச்சு விடுவதை யார் கவனிக்கிறார்கள்?

முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வெட்கம் பிடுங்கித் தின்றது. அத்தையை மேசையை விட்டு எழுப்ப இருந்தாளே, அதை நினைத்ததும் கண் கலங்கிவிட்டது. அதிகாரி தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

காரணம்: நிறுத்த பின் கையால் கூடுதலாகச் சேர்க்கும் பழக்கம். பொறுப்பானவர்: ஒன்பதாம் எண், அதாவது நான். நடவடிக்கை: எடை திருத்தப்பட்டது. எழுதி நீட்டினாள்.

அவர் இரண்டு தடவை படித்தார். “பழக்கத்தை நிறுத்தியாச்சான்னு மேல கேப்பாங்க.”

“நிறுத்த முடியாது சார். எடையைத்தான் மாத்த முடியும்.”

கையெழுத்து விழுந்தது. பெட்டிகளை மறுபடி அடுக்க அவளும் ஏஜென்டும் சட்டை நனைய ஓடினார்கள். நாலு ஐம்பதுக்குக் கன்டெய்னர் கேட்டைத் தாண்டியது.

கடைக்காரர் இருபது நாளில் அடுத்த ஆர்டரையும் அனுப்பிவிட்டார். துண்டு கூடியது பற்றி ஒரு வார்த்தை இல்லை. அலமாரி காலி, சீக்கிரம் அனுப்பு என்பதோடு சரி. அண்ணன் இம்முறை புத்திசாலித்தனமாக ஒரு வழி கண்டுபிடித்தான். தராசில் நூற்றுத் தொண்ணூறு காட்டினாலே பையை எடுத்துவிட வேண்டும் என்று வைத்துவிட்டால், கொசுறோடு சேர்ந்து இருநூறு ஆகிவிடும் அல்லவா?

முதல் நூறு பாக்கெட் முடிந்ததும் தங்கையைக் கூட்டிக்கொண்டு நிறுத்துப் பார்க்க வந்தான். இருநூற்றுப் பத்து. இன்னொன்று, அதுவும் பத்து. பத்துப் பெண்களும் தலை நிமிராமல் கட்டிக்கொண்டிருந்தார்கள். நூற்றுத் தொண்ணூறைப் பார்த்ததும் அத்தை, இதென்ன குறைகிறதே என்று ஒன்றைப் போட்டு நிரப்பியிருக்கிறாள். அதற்குப் பிறகுதான் கொசுறு.

அண்ணன் தங்கையைப் பார்த்தான். சின்னவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஏற்றுமதித் தாளை எடுத்து, பாக்கெட் ஒன்றுக்கு இருநூற்றுப் பத்து கிராம் என்று அழுத்தமாக எழுதினாள்.

“கப்பல்காரங்ககிட்ட உண்மையைச் சொல்லிடலாம்ணா,” என்றாள். “ஆனா என்னை மட்டும் அந்த மேசையில உக்கார வெச்சிடாதே.”