இரண்டாவது நட்சத்திரம்

என் கணவர் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். வீட்டிலும் வாத்தியார்தான். குழம்பில் உப்பு எப்போது போட வேண்டும் என்பதற்குக்கூட அவரிடம் ஒரு விளக்கம் தயாராக இருக்கும். நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் பவர் பார்த்து எழுதிக் கொடுக்கிறவள். தொலைநோக்கியை வாங்கியவர் அவர், பழகியவள் நான். ஆறு மாதத்தில் அவருக்கு அலுத்துவிட்டது. அதன் மேல் போர்த்தியிருந்த பழைய போர்வையை எடுத்தவள் நான்தான்.

அந்தச் சாயங்காலத்துக்காக இரண்டு மாதம் காத்திருந்தேன். ஏழு மணி நாற்பத்திரண்டாவது நிமிடத்தில் ஒரு குறுங்கோள், சூரியனைச் சுற்றும் ஒரு பெருங்கல், மங்கலான ஒரு நட்சத்திரத்தை மறைத்துக்கொண்டு போகப் போகிறது. ஆறே நொடி. எங்கள் வானியல் குழுவில் மூன்று பேருக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். ஒருவர் வடக்கே, ஒருவர் தெற்கே, நடுவில் எங்கள் மொட்டை மாடி. ஆறு நொடியும் நட்சத்திரம் அணைந்தே இருந்தால் அது ஒரே கல். இடையில் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி அணைந்தால், ஒன்றையொன்று சுற்றும் இரண்டு கல். நடுவில் இருப்பவருக்குத்தான் அது தெரியும். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று இதற்கு முன் யாரும் எனக்காகக் காத்திருந்தது கிடையாது.

எங்கள் தொலைநோக்கி கணினி மவுண்டின் மேல், மோட்டார் வைத்த ஒரு தாங்கியின் மேல், நிற்பது. ரிமோட்டில் பெயரை அழுத்தினால் தானே திரும்பி இலக்கைக் காட்டும். ஆனால் முதலில் நாம் இரண்டு நட்சத்திரங்களைக் காட்டி, இது இன்னது, அது இன்னது என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். நாம் சொன்னதை அது அப்படியே நம்பும், எதிர்க்கேள்வி கேட்காது. அதனால் பார்த்துப் பொறுக்க வேண்டும். இரண்டும் தள்ளித் தள்ளி இருக்க வேண்டும். உச்சந்தலைக்கு மேலே இருப்பதும் ஆகாது, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை உரசிக்கொண்டிருப்பதும் ஆகாது. முதலில் சிரியஸ், அடுத்து கபெல்லா என்று ஒரு தாளில் எழுதிவைத்து, கீழே 'இரட்டையர் வேண்டாம்' என்று அடிக்கோடும் போட்டிருந்தேன். காஸ்டரும் பொலக்ஸும் பக்கத்தில் பக்கத்தில், ஏறக்குறைய ஒரே வெளிச்சத்தில் நிற்பவை. அரை இருட்டில் ஆள் மாறிப்போகும்.

ஏழு மணிக்கு அவர் மாடி ஏறி வந்தார். பின்னாலேயே கணக்கு வாத்தியாரும் டிரில் மாஸ்டரும்.

"சும்மா பாக்கணும்னாங்க" என்றபடி ரிமோட்டை என் கையிலிருந்து வாங்கினார். வாங்கினார் என்ன, பிடுங்கினார்.

"ஏங்க, இன்னிக்கு வேணாமே. எனக்கு நேரம் இல்ல."

"அஞ்சு நிமிஷம். அலைன்மெண்ட் முடிச்சு உன் கையிலயே தந்துடறேன்."

சிரியஸை ஒழுங்காகத்தான் வைத்தார். அடுத்து கபெல்லா வர வேண்டும். "அது வடக்க இருக்கு, இவங்களுக்கு மறைக்கும். கிழக்க பொலக்ஸ் ஜம்முனு இருக்கு, அத வெச்சுக்கலாம்" என்றார். என் தாள் அவர் காலடியில் கிடந்தது. மவுண்ட் சுற்றி, காஸ்டருக்கும் பொலக்ஸுக்கும் நடுவில் எங்கேயோ போய் நின்றது. அவர் பொத்தானைத் தட்டித் தட்டி ஒன்றை நடுவில் கொண்டுவந்தார். கணக்கு வாத்தியார் ஐபீஸில் கண்ணை வைத்து "ஆஹா" என்றார். நானும் குனிந்து பார்த்தேன். ஒட்டி நிற்கும் இரண்டு வெள்ளைப் புள்ளிகள். பொலக்ஸ் ஒற்றைப் புள்ளி, கொஞ்சம் ஆரஞ்சாக இருக்கும். தொலைநோக்கியில் இரண்டாகப் பிரிவது காஸ்டர்.

"இது காஸ்டருங்க. ரெண்டா தெரியுது பாருங்க."

அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "ரெண்டும் இல்ல, மூணும் இல்ல. ஒண்ணுதான். நாள் பூரா லென்ஸ் பாத்துப் பாத்து இவளுக்குக் கண்ணு கட்டிடுச்சு" என்றார்.

இருவரும் சிரித்தார்கள். டிரில் மாஸ்டர் சத்தமாகவே சிரித்தார். என் கணவரை மீறி நான் ரிமோட்டைப் பிடுங்கியிருக்க வேண்டும். அந்தச் சிரிப்பில் ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டேன். அவர் உறுதிப் பொத்தானை அழுத்தினார். எல்லாம் சரி என்றது ரிமோட்.

சரியாவது மண்ணாவது. என் நட்சத்திரத்துக்குப் போகச் சொன்னால், என் வானப் படத்தில் இல்லாத ஏதோ ஒரு நட்சத்திரக் கூட்டத்துக்குப் போய் நின்றது. "இருக்கும், இங்கதான் இருக்கும்" என்று அவர் இங்கும் அங்கும் ஓட்டிக்கொண்டே இருந்தார். ஏழு இருபத்தைந்து. ஏழு முப்பது. "முதல்லேர்ந்து பண்ணிடலாங்க" என்று மூன்று தரம் சொன்னேன். ஏழு முப்பத்தேழுக்கு, "மோட்டார்ல ஏதோ கோளாறு" என்று ரிமோட்டை என்னிடம் நீட்டினார்.

மவுண்டை அணைத்துப் போட்டேன். தேதி, நேரம், ஊர். சிரியஸ். கபெல்லா. இலக்கின் எண்ணை அழுத்தினேன். வழுக்கிக்கொண்டு போய் நின்றபோது என் நட்சத்திரம் சரியாக நடுவில் இருந்தது. குத்துக்கல் மாதிரி அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். அந்த ஆறு நொடி முடிந்து இருபது நொடி ஆகியிருந்தது.

வந்தவர்கள் காபி குடித்துவிட்டுப் போனார்கள். போட்டுக் கொடுத்ததும் நான்தான்.

குழுவுக்கு அனுப்பும் அறிக்கையில் 'பார்க்க முடியாததற்குக் காரணம்' என்று ஒரு கட்டம். அதில் உண்மையை எழுதினால் அவர் மானம் போகும் என்று, மேகம் என்று எழுதி அனுப்பினேன். மறுநாள் குழுவை நடத்தும் அம்மா போன் செய்தார்.

"வடக்கயும் தெற்கயும் வானம் சுத்தமா இருந்துதாம்மா. உங்க மாடிக்கு மட்டும் எங்கேர்ந்து மேகம் வந்துச்சு?"

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"தவறிப்போறது எல்லாருக்கும் உண்டு. பொய்க் கணக்கு வெச்சுக்கிட்டு நாங்க என்ன பண்றது? அடுத்த தடவ வேற ஆளப் பாத்துக்கறோம்."

அது ஒரு கல்லா இரண்டு கல்லா என்று இன்றைக்கும் யாருக்கும் தெரியாது.

பத்து நாள் கழித்து, மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து என் கணவர் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, "கொஞ்சம் பவர் பாரேன்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். சோதனை பிரேமை அவர் மூக்கில் மாட்டினேன். எதிர்ச் சுவரில் ஒற்றை விளக்குப் புள்ளியைப் போட்டேன்.

"எத்தன தெரியுது?"

"ரெண்டு."

லென்ஸ் எடுக்கப் போன என் கை நின்றது. "எப்பலேர்ந்து?"

"ஒரு வருஷமா. எல்லாமே ரெண்டாத்தான் தெரியுது. அன்னிக்கும் ரெண்டு தெரிஞ்சுது. என் கண்ணுதான் ரெண்டாக் காட்டுதுன்னு நெனச்சேன். அவங்க முன்னாடி அத எப்படிச் சொல்றது?"

பாவம் என்று தோன்ற வேண்டும். தோன்றவில்லை. நான் சொன்னதும், அவர் கண் காட்டியதும் ஒன்றாகவே இருந்திருக்கிறது. அப்படியும் என்னைத்தான் குருடி ஆக்கினார்.

பெட்டியிலிருந்து, கண்ணை மறைக்கும் கறுப்புத் தட்டு இரண்டை எடுத்து, பிரேமின் இரண்டு பக்கமும் செருகினேன். ஒன்று, இரண்டு என்று மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன்.

"என்ன இது, ஒண்ணுமே தெரியலையே?" நாற்காலிக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "ஏய், இருக்கியா?"

ஆறு வரை எண்ணிவிட்டுத் தட்டுகளை எடுத்தேன்.

"அவ்வளவுதாங்க" என்றேன். "அன்னிக்கு இவ்வளவு நேரந்தான் நான் கேட்டது."