லாலான் காகித விசாரணை

மலாய் நாட்டை ஜப்பான்காரன் பிடித்த மறு வருடம், மெர்போக் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ரப்பரை வாங்க ஆளில்லாமல் பால்வெட்டு நின்றுபோனது. மலேரியாக் காய்ச்சலில் புருஷனை இழந்து இரண்டு பிள்ளைகளோடு நின்ற மருதம்மாள்தான், தோட்டத்து ஸ்டோரில் சும்மா கிடந்த ரப்பர் உருட்டும் மெஷினைப் பார்த்து, இதில் காகிதம் உருட்ட முடியாதா என்று முதலில் கேட்டாள். அங்கே முன்பு வேலை பார்த்த ராமையா சிரித்தார். ஊரில் அப்போது பொட்டலம் கட்டக்கூடக் காகிதம் இல்லை. நான்கு மாதம் கெடுத்துக் கெடுத்துப் பழகிய பிறகு, லாலான் புல்லைச் சாம்பல் தண்ணீரில் வேகவைத்து இடித்து, மெஷினில் கொடுத்து உருட்டி, வெயிலில் காயவைத்து ஒரு காகிதம் செய்துவிட்டார்கள். பழுப்பு நிறம், சொரசொரப்பு. ஆனால் மை ஊறாது. பதினோரு பெண்கள் அந்த வேலையில் சேர்ந்தார்கள். சுங்கை பட்டாணிக் கடைக்காரர்கள் காகிதத்தை வாங்கிக்கொண்டு அரிசியும் உப்பும் கொடுத்தார்கள். வேண்டியதை இங்கேயே செய்யுங்கள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த ஜப்பானிய அதிகாரி ஒருவர் நேரில் வந்து பாராட்டிவிட்டும் போனார்.

அடுத்து வெள்ளைக் காகிதம் வந்தது. ஜப்பானியக் கம்பெனி ஒன்று அதைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கி, லாலான் காகிதத்தின் பாதி விலைக்கு விற்றது. ஒரே மாதத்தில் கடைகள் கையை விரித்தன. பிள்ளைகள் மறுபடியும் மரவள்ளிக் கிழங்குக்குத் திரும்பினார்கள்.

மருதம்மாள் சொல்லச் சொல்ல ராமையா மனு எழுதினார். கடல் கடந்து வரும் காகிதம் இங்கே செய்வதைவிட எப்படி மலிவாக இருக்கும் என்பது ஒன்றே கேள்வி. பாராட்டிய அதிகாரி தட்டிக்கழிக்க முடியாமல் விசாரணைக்கு உத்தரவிட்டார். அவருடைய ஆபீஸில் எழுத்து வேலை பார்த்த செல்லப்பா என்ற யாழ்ப்பாணத்துக் கிராணி அனுப்பப்பட்டார்.

செல்லப்பா ஒழுங்காகத்தான் விசாரித்தார். கடை கடையாக ஏறினார். ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் இரண்டு நாள் நின்றார். பிறகு தோட்டத்துக்கு வந்து, கண்டதை மருதம்மாளிடம் மறைக்காமல் சொன்னார். அந்தக் காகிதம் ராணுவக் கப்பலிலும் வண்டியிலும் கூலி இல்லாமல் வருகிறது. நட்டத்துக்கு விற்பதற்கென்றே ராணுவம் கம்பெனிக்குப் பணம் கொடுக்கிறது. உங்களுக்கு நடந்தது அநியாயம், அப்படியே எழுதப்போகிறேன் என்றார். அன்று மருதம்மாள் அவருக்குக் கறுப்புக் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

எழுதவும் செய்தார். அதிகாரி படித்தார், கிழித்தார், வேறொன்றை அவரே சொல்லச் சொல்ல எழுதவைத்தார். செல்லப்பா கையெழுத்துப் போட்டார்.

மறுவாரம் ஸ்டோர் வாசலில் பெண்களை வரிசையாக நிறுத்தினார்கள். அதிகாரி நாற்காலியில் உட்கார, செல்லப்பா தமிழில் வாசித்தார். வெளிக் காகிதத்தால் யாருக்கும் கேடில்லை. தோட்டத்துப் பெண்கள் சோம்பலால் தொழிலைக் கெடுத்துக்கொண்டார்கள். ஸ்டோரை மூடி, மெஷினைக் கம்பெனியிடம் ஒப்படைக்க வேண்டும்.

மருதம்மாளின் உள்ளங்கை சாம்பல் தண்ணீரில் வெந்து தோலுரிந்திருந்தது. அவள் வரிசையை விட்டு முன்னால் வந்தாள்.

"ஐயா, நீங்க கண்ணால பாத்தது இதுதானா?"

செல்லப்பா தாளை மடிக்க ஆரம்பித்தார்.

"எங்களச் சோம்பேறின்னு எழுதுன கை வெளங்குமா? எங்க பிள்ளைங்க சோத்தப் பிடுங்கி அந்தக் கம்பெனிக்குப் போடுறீங்க. அதுக்கு விசாரணைன்னு பேரு வேற."

இவள் என்ன சொல்கிறாள் என்று அதிகாரி கேட்டார். செல்லப்பா ஜப்பானிய மொழியில் மெதுவாக ஏதோ சொன்னார். அந்தப் பேச்சின் நடுவே அரிகாத்தோ என்ற வார்த்தை மருதம்மாளின் காதில் விழுந்தது. அந்தக் காலத்தில் அதற்கு நன்றி என்று அர்த்தம் தெரியாதவர் அங்கே யாரும் இல்லை. அதிகாரி அவளைப் பார்த்துத் தலையாட்டிச் சிரித்தார்.

வயிற்றில் அடித்தது போதாதென்று, அடித்தவனுக்குத் தன் பேரால் நன்றியும் சொல்லியாகிவிட்டது. அதிகாரிக்குக் கொஞ்சம் மலாய் புரியும்.

"துவான், சாயா தா சக்காப் தெரிமா காசே," என்றாள். ஐயா, நான் நன்றி சொல்லவில்லை. மறுபடியும் உரக்கச் சொன்னாள்.

அதிகாரி எழுந்து முதலில் செல்லப்பாவை அறைந்தார். மூக்குக்கண்ணாடி மண்ணில் விழுந்தது. பிறகு மருதம்மாளை அறைந்தார். அவள் விழுந்தாள், எழுந்தாள், மூன்றாம் முறையும் அதையே சொன்னாள். ராமையாதான் அவளை இழுத்துக்கொண்டு போனார்.

மெஷின் லாரியில் போயிற்று. மூன்று வாரத்தில் வெள்ளைக் காகிதத்தின் விலை நான்கு மடங்கானது. இப்போது கேட்க ஆளில்லை.

ஒரு காலையில் செல்லப்பா அவள் குடியிருந்த லயத்து வீட்டுக்கு வந்தார். கன்னத்தில் வீக்கம் வற்றியிருந்தது. கையில் தனக்கு ரேஷனில் வந்த அரிசிப் பை.

"உங்களைக் காப்பாத்தத்தான் அப்பிடிச் சொன்னனான்," என்றார். "நீங்கள் சொன்னதை அப்பிடியே சொல்லியிருந்தால் அவன் உங்களை உயிரோடை விட்டிருக்க மாட்டான்."

"என்னக் காப்பாத்தச் சொல்லி யாரு கேட்டா? பாத்தத எழுதுங்கன்னுதான் கேட்டேன்."

அவர் பையை நீட்டினார். உள்ளே சின்னவன் கிழங்கு வேண்டாமென்று அழுதுகொண்டிருந்தான். மருதம்மாள் பையை வெடுக்கென்று பிடுங்கினாள். உட்காரச் சொல்லவில்லை. அவள் அரிசியை முறத்தில் கொட்டி, அவர் பக்கம் திரும்பாமலே கல் பொறுக்க ஆரம்பித்தாள்.