முன்பின் தெரியாதவள்

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது அவள் பிழைப்பு. மீன் வளர்ப்பது பைத்தியம். "அதுங்க கொடுத்து வச்சதுங்க. நேரத்துக்குச் சாப்பாடு வருது" என்று புருஷன்கூடக் கிண்டலடிப்பான். மீன் வளர்ப்பவர்களுக்கென்று ஃபோனில் ஒரு குழு இருந்தது. அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது, நம்பரும் தெரியாது. அதில் ஒருவன் 'நத்தை'. அவன் மீன்களுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தபோது இவள்தான் வைத்தியம் சொன்னாள். பழக்கம் அவ்வளவுதான்.

அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே குழுவைப் பார்த்தாள். நத்தை எழுதியிருந்தான்: "என் மீனையெல்லாம் தொட்டியோட யாராவது எடுத்துக்கோங்க. சும்மாவே தரேன். இன்னிக்கே வந்து எடுத்துக்கணும்."

"என்ன பாஸ், கல்யாணமா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்குக் கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசை கட்டி நின்றன. அவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. நத்தைக்குத் தனியாக எழுதினாள்.

"ஏன் தம்பி, ஊர் மாறிப் போறியா?"

"இல்லக்கா. நாளைக்கு நான் இருக்க மாட்டேன். அதுங்க பட்டினி கிடக்கக் கூடாது."

எடுத்த கவளம் டப்பாவுக்கே திரும்பியது. சுற்றி வளைத்துப் பேச அவளுக்கு வராது.

"சாகணும்னு நினைக்கிறியா?"

"ஆமாக்கா."

"வீட்ல யார்கிட்டயாவது சொன்னியா?"

"அவங்க முகத்தைப் பாத்துச் சொல்ல முடியல. உங்களுக்கு என்னைத் தெரியாதுல்ல, அதான் வாய் வந்துது."

"எங்க இருக்க? சொல்லு, வரேன்."

"சொன்னா ஆள் அனுப்புவீங்க."

அனுப்பத்தான் நினைத்திருந்தாள். பொய் சொல்லவும் மனசு வரவில்லை. "பக்கத்துல யாரு இருக்கா?" என்று கேட்டாள்.

"அடுத்த ரூம்ல அக்கா. அவளுக்கே ஆயிரம் கஷ்டம்."

"எழுந்து அவகிட்டப் போ. ஒண்ணும் பேச வேணாம். பக்கத்துல போய் உட்காரு, போதும். போறியா?"

பதில் இல்லை. "தம்பி?" என்றாள். "இருக்கியா?" என்றாள். குழு வழியாகவே கூப்பிட்டுப் பார்த்தாள், எடுக்கவில்லை.

அவசர உதவி எண்ணைக் கூப்பிட்டாள். "பேர் என்னம்மா?" என்றார்கள். 'நத்தை' என்று சொல்ல நாக்கு கூசியது. ஊர் தெரியாது, நம்பர் தெரியாது. அந்தப் பக்கம் இருந்தவர் பொறுமையாகத்தான் கேட்டார். இவளிடம்தான் சொல்ல ஒன்றுமில்லை. குழுவை நடத்துகிறவரைப் பிடித்தாள். "உங்களுக்குத் தெரிஞ்சதுதாம்மா எனக்கும்" என்று கைவிரித்தார்.

"யாரோ எவரோ, அதுக்கு ஏம்மா இப்படி..." என்று ஆரம்பித்த முதலாளி, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாக ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். அன்று வலது கண் லென்ஸை இடது கண்ணில் மாட்டி, கஸ்டமரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அதன் பிறகு வந்த நாட்களில் பஸ்ஸில், அடுப்படியில், கடையில் என்று ஃபோன் கையோடு ஒட்டிக்கொண்டே திரிந்தது. எதிரில் வருகிற ஒவ்வொரு வாலிபனையும் இவனாக இருக்குமோ என்று பார்த்தாள்.

அவள் நம்பிக்கை தேய்ந்துபோன ஒரு காலையில், கடையில் இருக்கும்போது நத்தையிடமிருந்து அழைப்பு வந்தது. சட்டென்று எடுத்தாள். பெண் குரல்.

"நான் அவனோட அக்கா."

"தம்பி...?"

"உயிர் இருக்கு. ஆஸ்பத்திரில இருக்கான். யார்கிட்டயும் பேச மாட்டேங்கிறான், சுவத்தையே பாத்துட்டுப் படுத்திருக்கான்."

'அப்பாடா' என்று சொல்ல வாயெடுத்தவள், அதை விழுங்கிக்கொண்டாள்.

"நீங்க எழுதினதெல்லாம் படிச்சேன். நான் சுவருக்கு இந்தப் பக்கந்தாங்க இருந்தேன், துணி மடிச்சிட்டு. உங்ககிட்டச் சொன்னதை எங்கிட்ட ஏங்க சொல்லல?"

"தெரியலையேம்மா."

"திரும்ப இப்படிப் பண்ண மாட்டான்ல?"

மாட்டான் என்று ஒரு வார்த்தை சொல்லலாம். எந்த உரிமையில் சொல்வது? அவன் குரலைக்கூட இவள் கேட்டதில்லை.

அந்தப் பக்கம் அழுகை உடைந்தது. கடைக்குள் யாரோ கண்ணாடி கேட்டு வந்து நின்றார்கள். முதலாளி கையமர்த்தி அவர்களை உட்காரவைத்தார்.

"வச்சிடாதீங்க" என்றாள் அந்த அக்கா.

"வைக்கலம்மா" என்றாள் இவள்.